கரிசல் பாதைக்கு எந்த வண்டி?

எக்ஸ்.எல்.லா, ஸ்பிளெண்டரா? வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்கு!

தாயில்பட்டி பக்கத்து மக்களுக்குக் கரிசல் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழை பெய்துவிட்டால் பசை போல ஒட்டும். தார் ரோட்டில் பறந்து வந்த வண்டி, காட்டுப் பாதையில் இறங்கியதும் சண்டி மாடு போல நின்றுவிடும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அடைத்துக்கொள்ளும். குச்சியால் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

பட்டாசு ஆலைக்குப் போக வேண்டும். தோட்டத்துக்குப் போக வேண்டும். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் போக வேண்டும். ஆனால் சேர்த்து வைத்த பணம் ஒரே ஒரு வண்டிக்குத்தான் போதும். கணவர் "ஸ்பிளெண்டர்" என்கிறார். மனைவி "எக்ஸ்.எல்." என்கிறார். யார் சொல்வது சரி?

பனி நாட்டிலும் இதே சண்டை!

கனடா நாட்டில் பனியில் ஓட ஒரு வண்டி உண்டு. முன்னால் சக்கரம் கிடையாது. இரண்டு சறுக்குப் பலகைகள்தான். பின்னால் ரப்பர் பட்டை சுழலும். பொம்பார்டியே என்பவரின் கம்பெனி "ஸ்கி-டூ" என்ற பெயரில் 1959-ம் ஆண்டில் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

"டூ ஸ்ட்ரோக் நல்லதா, ஃபோர் ஸ்ட்ரோக் நல்லதா?" என்று அங்கேயும் வாதம் நடக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி புகை குறைவு, சத்தம் குறைவு. நீண்ட பாதைக்கு நல்லது. ஆனால் கனம் அதிகம். பனியில் புதைந்துவிட்டால் தூக்குவது பெரும் பாடு. அங்கே பனி, இங்கே கரிசல். மற்றபடி வித்தியாசம் இல்லை!

அது என்ன ஸ்ட்ரோக்?

என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. அதற்குள் பெட்ரோல் ஒரு முறை எரிந்தால் அது டூ ஸ்ட்ரோக். இரண்டு தடவை மேலே, இரண்டு தடவை கீழே போனபின் ஒரு முறை எரிந்தால் ஃபோர் ஸ்ட்ரோக். இதில் பெட்ரோல் மிச்சமாகும். நீலப் புகையும் வராது.

1980-ல் ஓசூரில் இருந்து வந்த "டி.வி.எஸ். 50" டூ ஸ்ட்ரோக் வண்டி. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட் அதுதான். அதன் வாரிசான எக்ஸ்.எல். 100, 2015-ம் ஆண்டில் ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தது. ஸ்பிளெண்டர் 1994-ல் பிறந்தபோதே ஃபோர் ஸ்ட்ரோக்.

ஒரு சிப்பம் கனம்

என்ஜின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எக்ஸ்.எல். 99.7 சி.சி.; ஸ்பிளெண்டர் 97.2 சி.சி. ஆனால் சக்தியில் ஸ்பிளெண்டர் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாலு கியர் இருக்கிறது. சேற்றில் முதல் கியரைப் போட்டு மெதுவாக நகர்த்தலாம். எக்ஸ்.எல்.லில் கியர் இல்லை. சேற்றில் முறுக்கிக்கொண்டே இருந்தால் கிளட்ச் சூடாகிவிடும்.

அப்படியானால் ஸ்பிளெண்டர்தான் ஜெயித்ததா? அவசரப்படாதீர்கள்!

ஸ்பிளெண்டர் 112 கிலோ. எக்ஸ்.எல். 86 கிலோ. வித்தியாசம் 26 கிலோ, அதாவது ஓர் அரிசிச் சிப்பத்தின் கனம். சேற்றில் மாட்டிய எக்ஸ்.எல்.லை ஒரு பெண் தனியாக இழுத்துவிடலாம். கியர் பழக வேண்டாம். சேலை கட்டியவரும் ஓட்டலாம், வயதான மாமனாரும் ஓட்டலாம். முன்னால் தண்ணீர்க் குடத்தையோ மூட்டையையோ வைக்கலாம். விலையும் குறைவு.

நம்முடைய கருத்து இதுதான். தினமும் இரண்டு பேர் சேர்ந்து நெடுந்தூரம் போகிற வீட்டுக்கு ஸ்பிளெண்டர். அதன் டாங்கியில் 9.8 லிட்டர் பிடிக்கும், எக்ஸ்.எல்.லில் 4 லிட்டர்தான். மற்ற வீட்டுக்கு எக்ஸ்.எல். வீட்டில் ஒருவர் மட்டுமே ஓட்டத் தெரிந்த வண்டி, அவர் வேலைக்குப் போனதும் வீட்டுக்கு உதவாது. மனைவி பக்கம்தான் நியாயம் அதிகம்!

இதை மட்டும் ஏற்றாதீர்கள்

எக்ஸ்.எல்.லில் எதையும் ஏற்றலாம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. ஆட்டுக்குட்டி ஏறும், புல்லுக்கட்டு ஏறும். பட்டாசும் மருந்தும் மட்டும் ஏறக் கூடாது. 2021 தீபாவளி அன்று, புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் ஒருவர் ஸ்கூட்டரில் நாட்டு வெடிகளை வைத்துக்கொண்டு போனார். கூடவே சிறு மகன். நடு ரோட்டில் வெடி வெடித்தது. தகப்பனும் பிள்ளையும் அங்கேயே மாண்டார்கள். குலுக்கலும் உரசலும் போதும், தீக்குச்சி வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் புகைதான் குறைவு. சைலன்சர் சூடு குறைவு அல்ல.

ஆயில் விஷயம்

பழைய டி.வி.எஸ். 50 ஓட்டியவர்கள் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றிப் பழகியவர்கள். எக்ஸ்.எல். 100-ல் அப்படிச் செய்யக் கூடாது. என்ஜின் ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. அது வற்றினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். செலவு ஆயிரக்கணக்கில் வரும். மழைக் காலத்தில் வாரம் ஒரு முறையாவது மட்கார்டுக்குள் காய்ந்த கரிசலைக் கழுவுங்கள். செயினையும் துடைத்து எண்ணெய் போடுங்கள். மண் ஒட்டிய செயினை உப்புத்தாள் போல அராவித் தின்றுவிடும்.