நெகட்டிவ் இல்லாத படம்

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு சிறிய படம் இருந்தது. நாற்புறமும் வெள்ளை ஓரம். கீழ் ஓரம் மட்டும் சற்று அகலம். 1983ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளன்று, சவூதியிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் சாச்சா பிடித்த படம் அது. முற்றத்தில் வாப்பா நிற்கிறார். அவருக்கு அருகே முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி மர்ஹூமா என் உம்மா நிற்கிறார்.

அடையாள அட்டைக்காக எடுத்ததைத் தவிர உம்மாவின் படம் வேறெதுவும் எங்களிடம் இல்லை. படம் பிடிப்பதற்கு அவர் இலேசில் சம்மதிப்பவரல்லர். படச்சுருளைக் கழுவக் கொடுத்தால் முன்பின் தெரியாத ஒருவர் தன் முகத்தைப் பார்ப்பாரே என்பதுதான் அவரது மறுப்பு. அன்று சாச்சா, "மதினி, இத ஒருத்தருக்கும் கழுவக் குடுக்கிறதில்ல. இங்கேயே, உங்கட கண்ணுக்கு முன்னாலயே வரும்" என்று சொன்ன பிறகே இணங்கினார்.

அண்மையில் என் மகள் அந்தப் படத்தைக் கையிலெடுத்துப் பார்த்தாள். சாளரத்துக்கு எதிரே பல்லாண்டுகள் வைத்திருந்ததால் வெயில் பட்டு நிறம் வெளிறி, உம்மாவின் முகம் மங்கிப்போயிருந்தது. கவனியாமல் விட்ட தவறு எங்களுடையதே.

"வாப்பா, இதக் கழுவின ஸ்டூடியோவுல நெகட்டிவ் இருக்காதா?"

"இதுக்கு நெகட்டிவ் இல்ல மகள். உலகத்திலயே இது ஒண்டுதான்."

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தயங்கித் தயங்கி வேறொன்று கேட்டாள். தோழிகள் வைத்திருப்பதைப் போல, பிடித்த உடனேயே படம் வெளிவரும் கமரா ஒன்று தனக்கும் வேண்டுமாம்!

எனக்கு வியப்பாக இருந்தது. கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்களை வைத்திருக்கும் பிள்ளை, ஒரு தடவைக்குப் பத்துப் படங்களே பிடிக்கக்கூடிய பெட்டியை ஏன் கேட்கிறாள்? நாங்கள் கைவிட்ட பொருள் எங்கள் பிள்ளைகளை ஏன் கவர்கிறது? இக்கேள்வியே என்னைச் சற்றுத் தேடிப் படிக்க வைத்தது. படித்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

ஒரு சிறுமியின் கேள்வி

உடனடிப் படத்தின் வரலாறும் ஒரு மகள் தந்தையிடம் கேட்ட கேள்வியில்தான் தொடங்குகிறது. எட்வின் லாண்ட் என்பவர் அமெரிக்க விஞ்ஞானி. 1909இல் பிறந்தவர். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காமலே வெளியேறி, ஒளியை வடிகட்டும் ஒருவகைத் தகட்டைக் கண்டுபிடித்து, 1937இல் பொலரொயிட் கம்பனியை நிறுவினார்.

1943இல் குடும்பத்தோடு நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே நகருக்கு விடுமுறையில் சென்றிருந்தபோது, அவர் தமது மூன்று வயது மகளைப் படம் பிடித்தார். "பிடித்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது?" என்று குழந்தை கேட்டாள். பிள்ளைகளின் இத்தகைய கேள்விகளை நாம் சிரித்துக் கடந்துவிடுவோம். அவரோ அதைச் சிந்தித்தபடியே நடந்தார். அன்றைய தினமே கமரா, படச்சுருள், இரசாயனம் ஆகியவற்றின் அமைப்பு அவரது மனதில் உருப்பெற்றுவிட்டதாகப் பின்னாளில் கூறியுள்ளார்.

எண்ணம் செயலாகச் சில ஆண்டுகள் பிடித்தன. 1947 பெப்ரவரி 21இல் நியூயோர்க்கில் ஒளியியல் அறிஞர்களின் கூட்டத்தில் தமது உருவத்தையே பிடித்து, ஒரு நிமிடத்தில் படத்தை உரித்துக் காட்டினார். 1948 நவம்பர் 26இல் பொஸ்டன் நகரின் ஜோர்டன் மார்ஷ் என்ற பெருங்கடையில் முதற் கமரா விற்பனைக்கு வந்தது. அதன் விலை 89 டொலர் 75 சதம். அக்காலத்தில் அது சிறு தொகையன்று. இருந்தும், வைத்திருந்த கமராக்கள் அனைத்தும் அன்றே விற்றுத் தீர்ந்தன.

வர்ணப் படம் 1963இல் வந்தது. 1972இல் எஸ்.எக்ஸ்-70 என்ற மடக்கும் கமரா அறிமுகமாயிற்று. உரிப்பதும் இல்லை, காத்திருந்து பிரிப்பதும் இல்லை. பொத்தானை அழுத்தினால் படம் தானாக வெளியே வந்து, பகல் வெளிச்சத்திலேயே கண்முன் தெளிந்தது.

படத்துக்குள்ளே ஓர் இருட்டறை

படம் உருவாக இருள் வேண்டும் என்பது நாம் அறிந்ததே. கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், இருண்ட அறையின் சிறு துவாரத்தினூடாக வரும் ஒளி எதிர்ச்சுவரில் உருவத்தைத் தலைகீழாக வீழ்த்துவதை முறையாக ஆராய்ந்தவர். அவரது 'கிதாபுல் மனாழிர்' ஒளியியலின் அடிப்படை நூல்களில் ஒன்று. 'கமரா' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்ததென நம்மவர் சிலர் மேடைகளில் கூறுவதுண்டு. அது சரியன்று. அது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். இப்னுல் ஹைதமின் பெருமைக்கு உண்மையே போதும். இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

லாண்ட் செய்த விந்தை, அந்த இருட்டறையைப் படத்தாளுக்குள்ளேயே அடக்கியதாகும். பொலரொயிட் படத்தின் கீழ்ப்பக்க அகன்ற ஓரத்தினுள்ளே ஒரு சிறு பை உண்டு. அதில் களி போன்ற காரத்தன்மையுள்ள இரசாயனம் அடைக்கப்பட்டிருக்கும். படம் வெளிவரும்போது இரு உருளைகள் அப்பையை நசுக்கி, களியைப் படலங்களுக்கிடையே சமமாகப் பரப்புகின்றன. ஒளி பட்ட இடங்களில் சாயம் கட்டுண்டு கிடக்கும். படாத இடங்களிலிருந்து சாயம் மேலெழுந்து வந்து உருவமாகும். அதுவரை வெளிவெளிச்சம் உட்புகாதபடி அக்களியில் உள்ள ஒரு சாயமே திரைபோட்டு நிற்கும். வேலை முடிந்ததும் அத்திரை தெளிந்துவிடும். வெள்ளை ஓரத்தை அழகுக்காக வைத்தார்கள் என்றே நான் எண்ணியிருந்தேன். அதனுள்ளே ஓர் ஆய்வுகூடமே ஒளிந்திருப்பது இப்போதுதான் தெரிந்தது.

வீழ்ச்சியும் மீட்சியும்

1976இல் கொடாக் கம்பனியும் உடனடிக் கமராவை வெளியிட்டது. காப்புரிமையை மீறியதாகப் பொலரொயிட் வழக்குத் தொடுத்தது. வழக்கில் தோற்ற கொடாக் 1986இல் அத்துறையை விட்டே விலகியது. 1991இல் 92 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்தி விவகாரத்தை முடித்தது. எட்வின் லாண்ட் இறந்ததும் அவ்வாண்டிலேயே.

வழக்கில் வென்ற கம்பனியைக் காலம் வென்றது. டிஜிட்டல் கமரா வந்ததும் பொலரொயிட் 2001 ஒக்டோபரில் வங்குரோத்தானது. 2008இல் படத்தாள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இலட்சக்கணக்கான கமராக்கள் உணவில்லாத வயிறுகள் போல வீடுகளில் கிடந்தன.

அவ்வேளையில் ஒரு சிறு குழுவினர் நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலிருந்த கடைசித் தொழிற்சாலையின் இயந்திரங்களை வாங்கினர். தங்கள் முயற்சிக்கு 'இயலாத திட்டம்' என்ற பொருளிலேயே பெயரும் வைத்தனர். பழைய இரசாயனங்கள் பல அப்போது உற்பத்தியில் இல்லை. ஆகவே பழைய ஊழியர் சிலரின் அனுபவத்தோடு படத்தாளைப் புதிதாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2010இல் வந்த அவர்களது முதற் படங்கள் குறையுள்ளவையாகவே இருந்தன. எனினும் மக்கள் வாங்கினர். 2020இல் அந்நிறுவனமே பொலரொயிட் என்ற பெயரைச் சூடிக்கொண்டது.

ஜப்பானின் புஜிபிலிம் கம்பனி 1998இல் 'இன்ஸ்டக்ஸ் மினி' என்ற சிறிய கமராவை வெளியிட்டது. 2002ஆம் நிதியாண்டில் பத்து இலட்சம் விற்ற அதுவும் கைத்தொலைபேசிக் கமராவின் வருகையால் சரிந்தது. பின்னர் 2007 அளவில் கொரியத் தொலைக்காட்சி நாடகமொன்றில் காட்டப்பட்டதையடுத்து இளைஞரிடையே மீண்டும் தலைதூக்கியது. 2018ஆம் நிதியாண்டில் ஒரு கோடிக்கு மேல் விற்பனையானது.

பழைய உடையில் புதிய கமரா

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இன்று விற்பனையாகும் இக்கமராக்களிற் பல வேண்டுமென்றே பழைய தோற்றத்தில் செய்யப்படுகின்றன. 2013இல் வந்த 'மினி 90' கறுப்பும் வெள்ளியும் கலந்து பாட்டன் காலத்துக் கமரா போலக் காட்சியளித்தது. 2017இல் வந்த 'வன்ஸ்டெப் 2', 1977ஆம் ஆண்டுக் கமராவின் அமைப்பைத் தழுவியது. 2021இல் வந்த 'மினி ஈவோ'வில் படச்சுருளைச் சுற்றும் நெம்புகோல் போன்ற ஒன்று இருக்கிறது. ஆனால் அது எதையும் சுற்றுவதில்லை. இழுத்தால் அச்சிடும்படி உத்தரவிடும், அவ்வளவே. உள்ளே இருப்பது டிஜிட்டல் கமராதான்.

இது வெறும் வேடம்தானே என்று ஒதுக்கிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் மகளோடு பேசியபோது வேறு சிலவும் புலப்பட்டன.

கைத்தொலைபேசியில் ஒரே காட்சியை முப்பது முறை பிடிக்கிறோம். ஒன்றையும் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்தே படங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் முன் சிந்திக்க வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை குறையும்போது பெறுமதி கூடுகிறது. பிடித்த பின் படம் தெளியும் வரை ஓரிரு நிமிடங்கள் எல்லோரும் ஒன்றாகக் குனிந்து காத்திருக்கிறார்கள். வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திரையைப் பார்த்திருக்கும் இக்காலத்தில் அது சிறிய விடயமன்று. கையில் கொடுக்கக்கூடிய பொருள் அது. விருந்தாளிக்குக் கொடுத்தனுப்பலாம், வெள்ளை ஓரத்தில் திகதி எழுதலாம்.

இவற்றைவிட முக்கியமானதாக மகள் சொன்னது இதுதான்: "வாப்பா, போனில எடுத்தா அது எங்க போகும், யார் பார்ப்பாங்க எண்டு தெரியாது. இது என்ட கையிலயே இருக்கும்."

என் உம்மா 1983இல் சொன்னதும் இதுவேயல்லவா? ஸ்டூடியோ இருட்டறைக்கு அஞ்சினார் அவர். கண்ணுக்குத் தெரியாத பெருவெளிக்கு அஞ்சுகிறாள் பேத்தி.

உருவப்படம் பற்றிய மார்க்கத் தீர்ப்புகளை நான் இங்கு ஆராய வரவில்லை. எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ போன்றோர் புகைப்படத்தை அனுமதித்து எழுதினர். மாற்றுக் கருத்துடைய உலமாக்களும் உள்ளனர். ஆனால் ஒருவரது படம் நம்மிடம் இருக்கும்போது அது அமானிதம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

வாங்குவோர் கவனத்துக்கு

கமராவின் விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். செலவு படத்தாளில்தான் இருக்கிறது. இன்ஸ்டக்ஸ் பொதியொன்றில் பத்துப் படங்கள்; பொலரொயிட்டில் எட்டு. தவறிப் பிடித்ததற்கும் காசுதான்.

வெளிவந்த படத்தை உதற வேண்டியதில்லை. உரித்தெடுத்து உலர்த்திய காலத்துப் பழக்கம் அது. படத்தைக் கத்தரிக்கவும் கூடாது. உள்ளிருக்கும் காரக்களி தோலுக்கும் கண்ணுக்கும் தீங்கானது. குழந்தைகள் கையில் கவனம். பயன்படுத்தாத படத்தாளைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிடித்த படத்தை வெயில் படாமல் அல்பத்தில் வையுங்கள். எங்கள் வீட்டு அனுபவமே இதற்குச் சாட்சி.

'மினி ஈவோ' போன்ற டிஜிட்டல் கலந்த கமராக்களில் படம் நினைவகத்திலும் பதிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பிரதி ஒன்றே என்ற பாதுகாப்பு அவற்றில் இல்லை. அதுமட்டுமன்று, எந்த அச்சுப் படத்தையும் ஒரு கைத்தொலைபேசி மறுநிமிடமே பிரதி செய்துவிடும். ஆகவே பாதுகாப்பு கமராவில் இல்லை. பிடிப்பவரின் மனதில்தான் இருக்கிறது.

உம்மாவின் படம்

இறுதியாக, எங்கள் வீட்டில் எழுந்த சிக்கலைச் சொல்லி முடிக்கிறேன். மங்கிவரும் உம்மாவின் முகத்தைக் காப்பாற்றப் பிரதி எடுத்தே ஆகவேண்டும். ஆனால் பிரதி இல்லை என்ற வாக்கின் பேரில்தான் உம்மா அன்று நின்றார். என்ன செய்வது?

என் ராத்தாவிடம் கேட்டேன். "உம்மா பயந்தது படத்துக்கில்ல தம்பி, அந்நிய கண்ணுக்குத்தான். பேரப்பிள்ளைகள் பார்க்கிறதுக்கு உம்மா ஏன் மறுக்கப் போறா?" என்றார்.

வெளிக்கடைக்குக் கொடுக்கவில்லை. மகளே வீட்டில் பிரதி எடுத்து, இயன்றவரை நிறம் திருத்தி, இரண்டு அச்சுகள் எடுத்தாள். ஒன்று ராத்தாவுக்கு, ஒன்று எங்கள் அல்பத்துக்கு. கைத்தொலைபேசியில் அதை வைக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும்படி உறவினர் சிலர் கேட்டனர். வீட்டுக்கு வந்து பாருங்கள், தேநீரும் தருகிறோம் என்று பதில் சொன்னோம். சிலர் வந்தார்கள். உம்மாவைப் பற்றி நாங்கள் அறியாதிருந்த கதைகளையும் அன்று சொன்னார்கள்.

மகளுக்கு அந்தக் கமராவை வாங்கிக் கொடுத்தேன். ஒரே நிபந்தனைதான். யாரைப் பிடிப்பதாயினும் முதலில் அவரது சம்மதத்தைக் கேட்க வேண்டும். அவள் முதலில் வந்து கேட்டது என்னிடம்தான். முற்றத்தில், வாப்பாவும் உம்மாவும் நின்ற இடத்தில் போய் நின்றேன். படம் தெளிந்ததும் வெள்ளை ஓரத்தில் திகதியை எழுதி, வெயில் படாத இடத்தில் வைத்தாள்.