வீடும் பள்ளியும்: குழந்தைக் கல்வியில் பெற்றோர் - ஆசிரியர் உறவு

குழந்தை கல்வி பெறும் இடம் பள்ளிக்கூடம் என்பது பொதுவான கருத்து. இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் நலம். மலேசியத் தொடக்கப் பள்ளிகள் ஆண்டில் ஏறத்தாழ 190 நாட்கள் நடைபெறுகின்றன. நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம் எனக் கொண்டால், குழந்தை பள்ளியில் இருப்பது ஆண்டில் ஆயிரத்துச் சொச்சம் மணி நேரமே. உறக்கத்தை நீக்கிக் கணக்கிட்டாலும், அது விழித்திருக்கும் நேரம் ஆண்டிற்கு ஐயாயிரம் மணிக்குக் குறையாது. ஆகவே, ஐந்தில் ஒரு பங்கு நேரந்தான் அது ஆசிரியரின் பார்வையில் உள்ளது. எஞ்சிய நான்கு பங்கும் வீட்டிலும் வீட்டைச் சூழ்ந்த உலகிலும் கழிகின்றது.

இவ்வாறு ஒரே குழந்தையைப் பங்கிட்டுக் கொண்ட பெற்றோரும் ஆசிரியரும் ஒருவரோடொருவர் பேசிக் கொள்ளும் நேரம் எவ்வளவு? தேர்வு முடிந்தவுடன் மதிப்பெண் அறிக்கை வீட்டிற்கு வருகிறது. தந்தையோ தாயோ அதில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகின்றனர். பல குடும்பங்களில் வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே உள்ள தொடர்பு இக்கையொப்பம் ஒன்றே. குழந்தை பின்தங்கினால், "வீட்டில் கவனிப்பார் இல்லை" என்று ஆசிரியர் வருந்துகிறார். "பள்ளியில் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை" என்று பெற்றோர் குறை கூறுகின்றனர். இரு குறைகளுக்கும் நடுவே அகப்பட்டு நிற்பது குழந்தை.

முன்னோர் கண்ட முறை

புறநானூற்றில் பொன்முடியார் என்னும் புலவர், ஒரு மகனை உருவாக்கும் கடமையைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகிய நால்வருக்கும் பங்கிட்டு உரைக்கிறார். அது போர்க்களத்திற்குச் செல்லும் மகனைக் கருதிப் பாடிய பாட்டே ஆயினும், அதனுள் அடங்கிய உண்மை கல்விக்கும் பொருந்தும். ஒருவருடைய கடமையை மற்றொருவர் செய்து முடித்தல் இயலாது. நால்வருள் ஒருவர் தவறினும் குறை அம்மகனையே சாரும்.

நன்னூற் பாயிரவியல் ஆசிரியரின் இயல்பையும் மாணாக்கரின் இயல்பையும் விரிவாக எடுத்துரைக்கிறது. ஆனால், பெற்றோர்க்கெனத் தனியிலக்கணம் எதனையும் அது வகுக்கவில்லை. இதனைக் குறையாகக் கொள்ள வேண்டுவதில்லை. முற்காலத்து மாணாக்கன் ஆசிரியரோடு உடனுறைந்து கற்றான். பின்னாளில் தோன்றிய திண்ணைப் பள்ளியின் ஆசிரியர் ஊராருள் ஒருவராகவே வாழ்ந்தார். பெற்றோரும் ஆசிரியரும் உறவு கொள்வதற்கென்று தனி ஏற்பாடு எதுவும் அக்காலத்தில் தேவைப்படவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடம்

மலாயாத் தோட்டங்களிலும் நிலைமை ஏறத்தாழ இவ்வாறே இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிகளுக்கு விதித்தது. அவ்வாறு அமைந்த பள்ளிகளின் குறைகள் பல. ஒரே கொட்டகையில் எல்லா வகுப்புகளும் நடந்தன. பல இடங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். அந்நிலை மீண்டும் வர வேண்டும் என்று எவரும் விரும்பார்.

எனினும், அங்கு ஒரு நன்மை இருந்தது. ஆசிரியரும் பெற்றோரும் ஒரே தோட்டத்தில் குடியிருந்தனர். விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லும் தாயை ஆசிரியர் கண்டார். கோயில் திருவிழாவில் தந்தையோடு பேசினார். லயத்தில் எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளை தம்பி தங்கையரைச் சுமந்து கொண்டு தூங்காமல் இருந்தது என்பவற்றை அவர் கேளாமலே அறிந்திருந்தார். வகுப்பில் ஒரு பிள்ளை தூங்கி விழுந்தால் அதன் காரணம் அவருக்குத் தெரியும்.

நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அத்தொகை 530ஐ ஒட்டியுள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்பு நிலங்களாக மாறியும் போனமையால் மக்கள் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று தாய் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறாள். தந்தை லோரி ஓட்டிக்கொண்டு வெளியூரில் இருக்கிறார். பிள்ளை வேனில் ஏறிப் பல கல் தொலைவிலுள்ள பள்ளிக்கு வருகிறது. ஆசிரியர் வேறோர் ஊரில் குடியிருக்கிறார். ஒரே இடத்தில் வாழ்ந்தமையால் தானே விளைந்த உறவை, இன்று முயன்று உண்டாக்க வேண்டியிருக்கிறது. இக்காலப் பெற்றோர் முன்னையோரினும் அக்கறை குறைந்தவர் அல்லர். சந்திக்கும் வழியே அடைபட்டுவிட்டது.

சங்கம் செய்வதும் செய்யாததும்

அவ்வழியைத் திறப்பதற்கு அமைந்ததே பெற்றோர் ஆசிரியர் சங்கம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் 1998இல் வெளியான விதிமுறைகள் இச்சங்கங்களை நெறிப்படுத்துகின்றன. பிள்ளைகளின் பெற்றோரும் பள்ளியின் ஆசிரியர்களும் இதன் உறுப்பினர். தமிழ்ப்பள்ளிகளின் கட்டடங்களுக்கும், கணினிக் கூடங்களுக்கும், மாலை நேர வகுப்புகளுக்கும் இச்சங்கங்கள் உழைத்துள்ள உழைப்பு பாராட்டத்தக்கது.

ஆயினும், நிதி திரட்டுவதும் விழா எடுப்பதும் மட்டுமே கூட்டுறவு ஆகிவிடுமா? அமெரிக்கக் கல்வியாளர் ஜாய்ஸ் எப்ஸ்டீன், வீடும் பள்ளியும் இணையும் வழிகளை 1995இல் ஆறாக வகுத்துக் காட்டினார். பிள்ளை வளர்ப்பிற்குத் துணை செய்தல், செய்தி பரிமாறிக் கொள்ளுதல், பெற்றோர் பள்ளிப் பணிகளில் தொண்டாற்றுதல், வீட்டில் கற்றலுக்கு உதவுதல், பள்ளியின் முடிவுகளில் பங்கு பெறுதல், ஊர்ச் சமூகத்தோடு இணைந்து செயற்படுதல் என்பன அவை. இவற்றுள் தொண்டாற்றுதலும் முடிவுகளில் பங்கு பெறுதலும் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கும் சிலருக்கே வாய்க்கின்றன. வீட்டில் கற்றலுக்கு உதவுதல் மட்டும் எல்லாப் பெற்றோருக்கும் உரியது. பெரும்பாலும் கைவிடப்படுவதும் அதுவே.

கைவிடப்படுவதற்குக் காரணம் என்ன? "எனக்குப் படிப்பு இல்லை, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று தாய் கேட்கிறாள். மலாய்ப் பள்ளியில் பயின்று தமிழெழுத்து அறியாத தந்தையும் இதையே கேட்கிறார். "படிக்காத பெற்றோரிடம் எதை எதிர்பார்ப்பது?" என்று ஆசிரியரும் எண்ணி விடுகிறார். இந்த எண்ணம் சரியானதா என்பதற்கு ஓர் ஆய்வு விடை தருகிறது.

இலண்டனில் நடந்த ஆய்வு

இலண்டன் மாநகரின் வடபகுதியில் ஹாரிங்கே என்னும் வட்டாரம் உள்ளது. தொழிலாளர் குடும்பங்களும், வெளிநாடுகளிலிருந்து குடியேறியோரும் மிகுந்த இடம் அது. அங்கே 1976 முதல் 1978 வரை இரண்டு ஆண்டுகள், ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் வாசிப்பைக் குறித்து ஜாக் டிசார்டும் அவருடைய துணைவரும் ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 1982இல் வெளியாயிற்று.

ஆய்விற்கு ஆறு பள்ளிகள் எடுத்துக் கொள்ளப்பட்டன. இரண்டு பள்ளிகளில், ஆசிரியர் தேர்ந்து கொடுத்த நூலைப் பிள்ளை வீட்டிற்கு எடுத்துச் சென்று பெற்றோரிடம் உரக்கப் படித்துக் காட்டியது. வேறு இரண்டு பள்ளிகளில், தேர்ந்த ஆசிரியர் ஒருவர் கூடுதலாக வந்து பிள்ளைகளைச் சிறு குழுக்களாக அமர்த்திப் படிக்க வைத்தார். எஞ்சிய இரண்டிலும் பாடம் வழக்கம்போல் நடந்தது.

கூடுதல் ஆசிரியர் வந்த பள்ளிகளே முந்தி நிற்கும் என்று எவரும் நினைப்பர். ஆனால், வீட்டில் படித்துக் காட்டிய பிள்ளைகளே வாசிப்பில் தெளிவான முன்னேற்றம் அடைந்தனர். முன்பே பின்தங்கியிருந்த பிள்ளைகளும் இதனாற் பயன் பெற்றனர். இதனினும் கருதத்தக்கது மற்றொன்று உண்டு. அப்பெற்றோருட் சிலர் ஆங்கிலம் படிக்க அறியாதவர். சிலர் பேசவும் அறியாதவர். அவர்கள் பிழை திருத்தவில்லை, திருத்தவும் இயலாது. பிள்ளை படிப்பதை உடனிருந்து கேட்டனர்.

ஓர் ஊரில் நடந்த ஆய்வு எல்லா ஊர்களுக்கும் அளவுகோல் ஆகாது என்பது உண்மையே. ஆயினும், அதன் காரணத்தை ஆராய்ந்தால் அது எவ்விடத்திற்கும் பொருந்துதல் புலனாகும். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒரு பிள்ளை உரக்கப் படித்து ஆசிரியர் கேட்கும் நேரம் நாளுக்கு ஓரிரு நிமிடமே. வீட்டில் அதற்குப் பத்து நிமிடம் கிடைக்கிறது. மேலும், தான் பெரிதும் நேசிக்கும் ஒருவர் தன் படிப்பிற்காக அமர்ந்திருக்கிறார் என்னும் உணர்வு பிள்ளைக்கு உண்டாகிறது. எழுத்தறியாத பாட்டிக்குக் கதை படித்துக் காட்டும் பேரன் அங்கே மாணவனாக மட்டும் இல்லை. படித்துச் சொல்பவனாகவும் ஆகிறான்.

சிங்கப்பூரில் இச்செய்தி வேறொரு வகையில் பயன்படும். அங்கே 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியரில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலமே. "எங்களுக்கே தமிழ் சரளமாக வராது" என்று சொல்லும் இளம் பெற்றோரும், பிள்ளை தமிழ் படிக்கக் கேட்கலாம். புரியாத சொல்லுக்குப் பிள்ளையிடமே பொருள் கேட்கலாம். அறியாமையை ஒப்புக்கொண்டு கேட்கும் பெற்றோர் பிள்ளையின் கண்ணில் சிறுமை அடைவதில்லை.

ஆசிரியர் வீட்டிலிருந்து கற்பவை

கூட்டுறவு என்பது பள்ளி சொல்ல வீடு கேட்பது மட்டும் அன்று. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், லூயிஸ் மோல் என்பாரும் அவருடைய துணைவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. மெக்சிகோவிலிருந்து குடியேறிய தொழிலாளர் வீடுகளுக்கு ஆசிரியர்கள் சென்றனர். அறிவுரை கூறுவதற்காக அவர்கள் போகவில்லை. அக்குடும்பங்கள் எவற்றை அறிந்துள்ளன என்று கற்றுக்கொள்ளப் போயினர். உழவு, கட்டட வேலை, வணிகம், மூலிகை மருத்துவம் என அவ்வீடுகளில் நிறைந்திருந்த அறிவைக் கண்டு, அதனை வகுப்புப் பாடங்களோடு இணைத்தனர்.

தமிழர் வீடுகளில் இத்தகைய செல்வம் குறைவா? பால் நிறுத்துக் கூலி கணக்கிட்ட பாட்டனாருக்கு நிறுத்தலளவை தெரியும். சாலையோரத்தில் அப்பம் சுட்டு விற்கும் தாய்க்கு முதலும் இலாபமும் தெரியும். லோரி ஓட்டும் தந்தைக்கு நாட்டின் படமே மனத்தில் இருக்கிறது. இவற்றை அறிந்த ஆசிரியர், கணக்குப் பாடத்தில் அப்பக் கடையை எடுத்துக்காட்டாக வைக்கலாம். நிலநூற் பாடத்தன்று அந்தத் தந்தையை வகுப்பிற்கு அழைக்கலாம். தன் வீடு மதிக்கப்படுவதைக் கண்ட பிள்ளை பள்ளியையும் தன் வீடாகக் கருதும்.

செய்யத்தக்கவை

முதலடி எடுத்து வைக்க வேண்டியவர் ஆசிரியரே. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது என்றவுடன் தாயின் நெஞ்சு பதைக்கிறது. பிள்ளை தவறு செய்த நாளில் மட்டுமே அவள் அழைக்கப்பட்டிருக்கிறாள். ஆகவே, ஆண்டின் தொடக்கத்தில் வீட்டிற்குச் செல்லும் முதற்செய்தி பிள்ளையைப் பற்றிய ஒரு நல்ல செய்தியாக இருத்தல் வேண்டும். கூட்டத்திற்கு வந்த பெற்றோரைக் காட்டிலும் வாராத பெற்றோரே ஆசிரியர் தேடிச் செல்லத்தக்கவர். வாரத்திற்கு ஒரு குடும்பத்தைச் சந்தித்தாலும், ஓராண்டிற்குள் முப்பது பேர் கொண்ட வகுப்பு முழுவதையும் அறிந்து கொள்ளலாம். மாணவர் தொகை குறைந்த பள்ளிகள் பலவற்றில் இது இன்னும் எளிது. இரவு வேலை செய்வோர்க்கு வசதியான நேரத்தை அவர்களிடமே கேட்டுக் குறித்தல் நலம்.

பெற்றோர் செய்யத்தக்கது பெரிய காரியம் அன்று. வாரத்தில் நான்கைந்து நாள், பத்து நிமிடம், தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அணைத்துவிட்டுப் பிள்ளை படிக்கக் கேட்டால் போதும். தடுமாறும்போது அதட்டுதல் கூடாது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதலும் கூடாது. வீடு இரண்டாம் பள்ளிக்கூடமாக மாற வேண்டுவதில்லை. பிள்ளைக்கு எது கடினமாக இருக்கிறது, வீட்டில் என்ன மாறுதல் நேர்ந்துள்ளது என்பவற்றை ஆசிரியருக்கு ஒரு வரியில் தெரிவித்தலும் பெற்றோர் செய்யும் பெருந்துணையாகும்.

மதிப்பெண் அறிக்கையில் கையொப்பத்திற்கென ஓரிடம் உள்ளது. அதன் அருகே இரண்டு வரிக்கு இடம் ஒதுக்கி, பிள்ளை வீட்டில் எதைப் படித்தது, எதைக் கண்டு மகிழ்ந்தது என்று பெற்றோர் எழுதவோ, எழுத இயலாதவர் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கவோ ஒரு பள்ளி வழி செய்யலாம். இதற்கு நிதியும் வேண்டா, கட்டடமும் வேண்டா. அந்த இரண்டு வரிகளைப் படிக்கும் ஆசிரியருக்கு, நான்கு பங்கு நேரத்தில் நடப்பதில் சிறிதேனும் தெரியவரும். அடுத்த நாள் வகுப்பில் அவர் அப்பிள்ளையிடம் பேசும் பேச்சு அதற்கேற்ப மாறும்.