வேலையினூடே வெற்றுப் பொழுது

உழைப்பின் மிகுதியால் வருந்துவோரைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம். உழைக்க ஒன்றுமின்றி உட்கார்ந்திருந்து சோர்வோரைப் பற்றிப் பேசுவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளி, மருத்துவமனையில் லிப்டை இயக்குபவர், பழைய கோப்புகள் உறங்கும் அறைக்குப் பொறுப்பான எழுத்தர் ஆகியோர் நம் பங்குக் குடும்பங்களிலும் உள்ளனர். ஊதியமோ சொற்பம், பொழுதோ நகர மறுக்கிறது. "சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளமா?" என்று பிறர் நகைப்பர். சும்மா இருப்பது எத்துணைக் கடினம் என்பதை அந்த நாற்காலியில் அமர்ந்தவரே அறிவர்.

1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் இளைஞர் ஒருவர் எழுத்தராகச் சேர்ந்தார். கல்லூரித் தேர்வுகளில் தவறிப் பட்டம் பெறாதவர், மணமானவர். மாத ஊதியம் 30 ரூபாய். அவர்தாம் சீனிவாச இராமானுஜன். அலுவலகக் கூட்டல் கழித்தல் அவருக்கு எம்மாத்திரம்? ஒப்படைத்த வேலையை விரைந்து முடித்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் தம் கணிதத்தில் ஆழ்ந்துவிடுவார். தாள் வாங்கவும் வசதியில்லாதபடியால், துறைமுகத்தில் சரக்குக் கட்டப் பயன்பட்ட தாள்களைத் தேடி எடுத்து எழுதினாராம். 1913 சனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற மடல், தாம் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்ற அறிமுகத்துடன்தான் தொடங்குகிறது.

இங்கே மற்றொருவரையும் நினைக்க வேண்டும். தலைமைக் கணக்கர் நாராயண ஐயர், முன்பு திருச்சி தூய வளனார் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். தம் கீழ்ப் பணியாற்றிய எழுத்தரைக் கடிந்துகொள்வதற்குப் பதிலாக, மாலை வேளைகளில் அவருடன் பலகையும் கையுமாக அமர்ந்து கணக்கிட்டார். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழும் மேலாளர் ஒருவர் வாய்த்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்குமோ!

வறுமைதான் மேதையை வளர்த்தது என்று கூறுவோருக்கு ஒரு சொல். 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் மாத உதவித்தொகை அளித்தவுடன் இராமானுஜன் அந்த மேசையை விட்டு எழுந்தார். ஏறத்தாழ 14 மாதங்களை அவர் வீணாக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அவரை விடுவித்தது அந்த 75 ரூபாய்.

வேலை நேரத்தின் ஓய்வு யாருக்குச் சொந்தம்? மனச்சான்றுள்ளவர் எவரும் கேட்கும் வினா இது. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் வாழ்வில் இதற்கு விடை கிடைக்கிறது. பின்னாளில் நொபெல் பரிசு பெற்ற இவர், 1921 முதல் 1924 வரை மிசிசிப்பிப் பல்கலைக்கழக வளாகத்தில் அஞ்சல் அதிகாரியாய் இருந்தார். வெளியே மக்கள் கடிதத்திற்குக் காத்திருக்க, உள்ளே இவர் படித்துக்கொண்டும் நண்பர்களுடன் சீட்டாடிக்கொண்டும் இருந்தார். முறையீடுகள் குவிந்தன, விசாரணை வந்தது, பதவி விலகினார். 1929-இல் அதே பல்கலைக்கழகத்தின் மின் நிலையத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். நள்ளிரவு கடந்து ஊர் உறங்கியதும் கொதிகலனுக்குக் கரி அதிகம் தேவைப்படாது. கரி தள்ளும் கைவண்டியையே மேசையாக்கி எழுதியதாக அவரே பின்னர் கூறினார். (கதாசிரியரல்லவா, சற்றே மெருகேற்றியும் இருக்கலாம்.) 'ஆஸ் ஐ லே டையிங்' என்னும் நாவலின் கையெழுத்துப் படியில் அக்டோபர் 25 தொடக்கமாகவும் டிசம்பர் 11 முடிவாகவும் குறிக்கப்பட்டுள்ளன.

மனிதர் ஒருவரே, இரண்டும் ஓய்வு மிகுந்த வேலைகளே. முன்னதில் சன்னலுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பின்னதில் எவரும் நிற்கவில்லை. இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இதனால் அளந்தால், இரவுக் காவலாளி காதில் கருவி பொருத்திக் கைப்பேசியில் திரைப்படம் காண்பது தகாது; அவருடைய கண்ணுக்கும் காதுக்கும்தான் ஊதியம். ஆனால் பத்து வரி படித்து, தலைநிமிர்ந்து வாயிலை நோக்கி, மீண்டும் பத்து வரி படிப்பதற்குத் தடையேதுமில்லை. விட்டுவிட்டுப் படிக்கத் தக்கவை சில உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு அவற்றுள் ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்; 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள்; வினாக்களில் சரிபாதி தமிழ். அரசுப் பள்ளிப் பாடநூல்களே அதற்கு அடிப்படை. அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திரையை விட, நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்த ஒரு தாள் மேல் என்பேன்; திரை வேறெங்கோ இழுத்துச் செல்லும். மேலாளரிடம் முன்னரே சொல்லிவிடுவதும் நன்று. ஒளித்துப் படிப்பவருக்கு மனம் பாடத்தில் நிற்பதில்லை.

காவலாளிகள் பலர் நாளொன்றுக்குப் 12 மணி நேரம் நிற்கின்றனர். கூடுதல் நேரத்திற்கு இருமடங்கு ஊதியம் என்பது சட்டம். கையில் புத்தகம் இருக்கிறது என்பதற்காக அதைக் கேட்காமல் விட வேண்டியதில்லை.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. காலை எட்டு மணிக்குத் திரும்பும் தகப்பனாரை ரேஷன் கடை வரிசைக்கு அனுப்பாமல் உறங்க விட வேண்டும். மாலையில் அவர் அந்தத் தாளை விரித்து, புணர்ச்சி விதியிலோ வட்டிக் கணக்கிலோ ஐயம் கேட்டால், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் விளக்கிச் சொல்லலாம், பாடநூல் அவளுடையதுதானே.