ஒரே வாரத்தில் அடை வைத்தால் குஞ்சுகள் தப்பும்!

களத்தில் சிந்திய நெல்லும் இதமான குளிரும் இருக்கும் தை, மாசி மாதங்கள் மதுரைச் சமவெளியில் கோழியை அடை வைக்க ஏற்ற காலம். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் பத்துக் குஞ்சு பொரித்த வீட்டில், இரண்டு மாதம் கழித்து மூன்று நான்கு மட்டுமே மிஞ்சுவது உண்டு. வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு உதவும் கோழிப்பணம் அங்கேதான் கரைகிறது. பொரிப்பதைத் தாய்க்கோழி பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு வரும் எட்டு வாரம்தான் வளர்ப்பவரின் பொறுப்பு.

முட்டையும் கூடும்

இறகைச் சிலிர்த்துக்கொண்டு, விரட்டினாலும் கூட்டை விட்டு எழாத கோழி அடைக்குத் தயார். அதன் உடல் மூடும் அளவுக்கு 10 முதல் 12 முட்டை போதும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்த முட்டைகளைத் தவிர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் மூன்று நான்கு நாளுக்குள் வைத்துவிடுவது நல்லது. ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள், கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளைச் சேர்த்து வைக்கலாம்.

கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, இருட்டிய பிறகு கோழியை அடை வைக்க வேண்டும். அதற்கு முன் பேன், செல் இருக்கிறதா என்று இறகை விலக்கிப் பார்ப்பது அவசியம். பேன் கடித்தால் கோழி பாதியில் எழுந்துவிடும். இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைக்கும் வழக்கத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. கூட்டுக்கு அருகிலேயே தினமும் தீனியும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிவந்த நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் அதை எடுத்துவிடலாம். 21 நாளில் குஞ்சு வெளிவரும். கடைசி மூன்று நாள் கூட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

முதல் நான்கு வாரம்

குஞ்சுக்குத் தாயின் இறகுச்சூடு முக்கியம். தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் பருந்து, காக்கை, கீரியிடமிருந்து தப்பும். இரவில் பாம்பு நுழையாதபடி அடைப்புக்கு நெருக்கமான கம்பிவலை வேண்டும். அரிசிக் குருணை, உடைத்த கம்பு, சோளம் தீனியாகும். பழம்பானையில் சாணமும் காய்ந்த ஓலையும் போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுக்குக் காசில்லாத புரதம் கிடைக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு விழுந்து நனையாது.

வெள்ளைக்கழிச்சல்

பருந்து ஒன்றிரண்டைத்தான் தூக்கும். வெள்ளைக்கழிச்சல் கூட்டையே காலி செய்யும். உத்தரகாண்ட் மலையிலுள்ள ராணிக்கெட் ஊரின் பெயரால் அழைக்கப்படும் இந்த நச்சுயிரி நோய் வந்தபின் மருந்தில்லை, தடுப்பு மட்டுமே வழி. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரம் லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி என்பது நடைமுறை.

சிறு வளர்ப்பவருக்குச் சிக்கல் ஒன்று உண்டு. சொட்டு மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 குஞ்சுக்குக் குறையாத அளவில்தான் வரும். ஐஸில் வைத்து எடுத்து வந்து, கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். எட்டுக் குஞ்சுக்காகக் குப்பி உடைக்க யாருக்கும் மனம் வராது. குஞ்சுகள் தடுப்பு இல்லாமலே வளர்கின்றன.

இதற்கு வழி தெருவிலேயே இருக்கிறது. பத்து வீட்டினர் பேசிவைத்து ஒரே வாரத்தில் அடை வைத்தால், குஞ்சுகள் ஒரே வாரத்தில் பொரியும். ஒரு குப்பி எல்லோருக்கும் போதும், செலவும் பங்காகும். முன்னதாக அடைக்கு வந்த கோழியைப் பழைய முட்டைகள் மேல் நான்கைந்து நாள் உட்கார வைத்து, மற்ற கோழிகள் வந்ததும் நல்ல முட்டைகளை மாற்றி வைக்கலாம். பழைய முட்டையில் கரியால் கோடு போட்டால் குழப்பம் வராது.

பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு எட்டு வாரம் தாண்டிய கோழிகளைக் கொண்டு போகலாம். நோயுற்ற குஞ்சுக்குத் தடுப்பூசி போடக் கூடாது. செத்த கோழியைத் தெருவில் எறியாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஒரு வீட்டின் அலட்சியம் தெருக்கோழி முழுவதையும் கொண்டுபோய்விடும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்டும். அப்போது தாயைப் பிரித்துத் தீனியைக் கூட்டினால், அது அடுத்த முட்டைக்குத் தயாராகும்.