'எஞ்சாய் எஞ்சாமி'க்கு முன்பே ஒலித்த பறை

2021-இல் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலைக் கேட்காத மாணவர் நம்மில் இருக்க முடியாது. கிளேபாங் கடற்கரையில் தேங்காய் ஷேக் வாங்க வரிசையில் நின்றால், இன்றும் ஏதாவது ஒரு காரிலிருந்து அது கேட்கும். ஆனால், அதைப் பாடிய அறிவு எந்த இசைக்குழுவிலிருந்து வந்தவர் என்று கேட்டால், என் பல்கலைக்கழக நண்பர்கள் பலரும் விழிக்கிறார்கள்.

அந்தக் குழுவின் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடந்தது. மேடையில் 19 பேர். பண்டிதர் அயோத்திதாசர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற சிந்தனையே குழுவின் பெயருக்கு அடிப்படை.

இவர்களிடம் எனக்குப் பிடித்தது, எந்தக் கருவியை எதற்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்பதுதான். கானா என்பது வடசென்னையில் சாவு வீடுகளில் இரவு முழுக்கப் பாடப்பட்ட பாட்டு. பறையும் சட்டியும் கட்டமோளமும் அங்கேதான் ஒலித்தன. இவர்கள் அவற்றை எலக்ட்ரிக் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் சமமாக மேடையேற்றினார்கள். ஆண்களே பாடிவந்த கானாவை இக்குழுவில் பாடிய இசைவாணி, 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

மண்ணின் இசையை ராக்கோடு சேர்ப்பது உலகத்துக்குப் புதிதல்ல. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் 1973-இல் தொடங்கிய 'ரன்ரிக்' குழு, ஒரு காலத்தில் பள்ளிகளில் பேசவே தடுக்கப்பட்ட கேலிக் மொழியில் ராக் பாடியது. 1978-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் முழுக்க கேலிக்தான். அவர்கள் கடைசிக் கச்சேரி நடத்தியதும் 2018-இல்தான். ரன்ரிக் ஒரு மொழிக்கு மேடை கொடுத்தது என்றால், சென்னைக் குழு ஒதுக்கப்பட்ட மனிதர்களின் கருவிகளுக்கு மேடை கொடுத்தது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் உருமி மேளம் அடிக்கும் அண்ணன்மார்களை நாம் கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். "மலேசியாவில் சாதியெல்லாம் இல்லை" என்றும் பேசிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை இக்குழுவின் பாடலைச் சத்தமாக வைத்திருந்தேன். பாட்டி அறைக்குள் வந்தார். "சாவு மேளமா இருக்கே, வெள்ளிக்கிழமை அதுவுமா எதுக்குய்யா இதைப் போடுறே?" என்றார். நான் நிறுத்தவில்லை. இவர்கள் யார், ஏன் இப்படிப் பாடுகிறார்கள் என்று சொன்னேன். பாட்டி கட்டிலில் உட்கார்ந்து பாட்டு முடியும்வரை கேட்டார்.

பிறகு தோட்டத்துக் கதை வந்தது. பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தில் பறை அடித்த குடும்பங்கள் கடைசி லயத்தில் இருந்தார்களாம். "ஒண்ணாத்தான் வெரட்டுக்குப் போவோம், ஒண்ணாத்தான் பால் எடுப்போம். ஆனா அவங்க வீட்டுல தண்ணி குடிக்க மாட்டோம். ஏன்னு நானும் கேட்டதில்லைய்யா" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

போன வருடம் அக்காவுக்கு வரன் வந்தபோது "என்ன ஆளுங்க?" என்று தொலைபேசியில் யாரோ கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று அது எனக்குச் சாதாரணக் கேள்வியாகத்தான் தெரிந்தது.

குறையே இல்லாத குழு என்று சொல்ல மாட்டேன். பத்தொன்பது பேர் சேரும்போது சில இடங்களில் வரிகள் வாத்தியத்தில் அமுங்கிப்போகின்றன. ஸ்டூடியோ பதிவைவிட மேடைப் பதிவுகளில்தான் அவர்களின் வேகம் தெரிகிறது. அதனால் மேடைப் பதிவிலிருந்து தொடங்குங்கள். அடுத்து இடஒதுக்கீடு பற்றிய 'கோட்டா' பாடலைக் கேளுங்கள். அந்தச் சொல் நமக்கும் பழகியதுதான், ஆனால் அங்கே அதன் வரலாறு வேறு. கடைசியாக 'எஞ்சாய் எஞ்சாமி'யை மறுபடி கேளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது.

முடிந்தால் உங்கள் வீட்டுப் பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.