கல்லும் சுண்ணாம்பும் தாங்கும் வளைவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கருங்கல் கிடையாது. தரைக்குக் கீழே சுண்ணாம்புக்கல்; கடலோரத்தில் முருகைக்கல், அதாவது பவளக்கல். இரண்டும் பாரம் அழுத்தினால் தாங்கும், வளைத்தால் தாங்கா. தமிழகக் கோயில்களில் இரண்டு தூண்களுக்கு மேல் நீளமான கருங்கல் உத்தரம் போடுவதுபோல் முருகைக்கல்லைப் போட்டால், அதன் அடிப்பக்கம் இழுபட்டு முறியும். அப்படியானால் இந்த மண்ணில் கல்லால் வாசலோ பாலமோ எப்படிக் கட்டுவது? வளைவுதான் வழி.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், கோட்டையை ஐங்கோண வடிவில் புதிதாக எழுப்பினார்கள். அகழியைக் கடந்து போனால் வளைவு வாசலில் 1680 என்ற ஆண்டு தெரியும். மதிலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கற்களில் பூப்பூவாகச் சிறு குழிகள்: பவள உயிரிகள் குடியிருந்த அறைகள் அவை.

வளைவு கட்டுவதற்கு முதலில் மரச்சட்டம் அமைப்பார்கள். அதன்மேல் இருபுறமிருந்தும் கல்லடுக்கி, உச்சியில் ஆப்புப்போன்ற கடைசிக் கல்லை இறுக்கியபின் சட்டத்தைக் கழற்றலாம். அதன் பிறகு மேலே வரும் பாரம் ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லோடு நெரிக்கும். இழுவிசைக்கு அங்கே வேலையில்லை. ஆனால் வளைவின் இரு கால்களும் வெளிப்பக்கம் உதைக்கும். கோட்டையில் அந்த உதைப்பைப் பருத்த மதில் வாங்கிக்கொள்கிறது. ஆற்றுப் பாலத்தில் கரையணை.

சாந்தின் கதை இதைவிடச் சுவையானது. சுண்ணாம்புக்கல்லையோ முருகைக்கல்லையோ சூளையில் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகும். கல்லும் சாந்தும் ஒரே பொருள்! ஈரம் அதனூடாக வெளியேறும். சீமெந்து அப்படி விடாது. உப்புக்காற்று அடிக்கும் கரையில் ஈரமும் உப்பும் கல்லுக்குள்ளேயே அடைபட, சீமெந்துப் பூச்சு அப்படியே நிற்கும், கல் பொரிந்து உதிரும்.

பழைய கட்டடங்கள் எல்லாம் தப்பவில்லை. சென்னையில் 1720களில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரஸ் உஸ்கான் அடையாற்றின் குறுக்கே கட்டிய மர்மலாங் பாலம், 1960களில் புதுப்பாலத்துக்கு வழிவிட்டது. கல்வெட்டுத்தான் மிச்சம். யாழ்ப்பாணக் கோட்டை, உள்நாட்டுப் போரின்போது 1990இல் நடந்த முற்றுகையிலும் அதன் பின்னரும் சிதைந்தது. போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியோடு தொல்லியல் திணைக்களம் அதைச் சீரமைத்தது.

என் கணக்கில், பழங்கட்டடத்தின் மதிப்பில் பாதி அதன் சாந்தில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பழைய பாலத்துக்கோ மதகுக்கோ ஆட்கள் சீமெந்து மூட்டையோடு வந்தால், சுண்ணாம்புச் சாந்து கேளுங்கள்.