காசாளர் முகப்பும் கலைச்சொல்லும்

வங்கியிலும் புகைவண்டி நிலையத்திலும் பணம் பெறுவோர்க்கும் கொடுப்போர்க்கும் இடையே ஒரு தடுப்பு நிற்கிறது. தடித்த கண்ணாடி, வாய் உயரத்தில் சிறு துளைகள், அடியில் பிறை வடிவத் திறப்பு, அதன்கீழ்க் குழிந்த தட்டு. தாளும் காசும் குழிவின் வழியே செல்லும். வெளியார் கை உள்ளே எட்டாது. இவ்வளவு நுட்பமான அமைப்பு முழுவதையும் நாம் 'கவுண்டர்' என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறோம். சேலம், நாமக்கல் பகுதியிலோ அவ்வொலி மக்களின் பட்டப்பெயராகவும் வழங்குகிறது.

பெயரின்மையால் துன்புறுவோர் எளியோரே. "அங்கே பேசுங்கள்" என்றால் எங்கே என்றறியாது, பணத்திறப்பில் குனிந்து பேசும் முதியோர் பலர்.

பணம் புழங்கும் இடத்துச் சொற்கள் பல திசைகளிலிருந்து வந்தவை. சாவி, அலமாரி, ஜன்னல் ஆகியன போர்த்துகீசிய வரவு, ரசீது பாரசீகம், கஜானா, வசூல் என்பன அரபு மூலத்தன. வணிகமும் ஆட்சியும் கொணர்ந்த இவற்றைத் தமிழ் வெறுக்கவில்லை. ஆயினும் தனக்கென ஆக்கும் ஆற்றலையும் அது இழந்ததில்லை. காற்று வரும் வழியைக் 'காலதர்' என்றனர். சிலப்பதிகாரத்தில் இச்சொல் உண்டு. பல கண்களையுடைய சாளரம் 'பலகணி' ஆயிற்று. பொருளின் செயலும் வடிவுமே பெயராயின.

இப்பணிக்குச் சேலம் புதிதன்று. 1916ஆம் ஆண்டிலேயே இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் அறிவியற் கலைச்சொற்களுக்கென இங்கு ஒரு சங்கம் நிறுவினர். பின்னாளில், 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா, கலைச்சொல்லாக்கத்தையே வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

அவ்வழியில் சில பெயர்களை எண்ணிப் பார்க்கலாம். முழு இடமும் 'காசாளர் முகப்பு', தடுப்பு 'காப்புக் கண்ணாடி', துளைகள் 'பேசுதுளை', திறப்பு 'பிறைவாய்', குழிந்த தட்டு 'பணத்தட்டு'. "பேசுதுளையில் பேசுக", "பணத்தட்டில் வைக்க" என எழுதிவிட்டால் மேலும் விளக்கம் வேண்டா.

நல்ல கலைச்சொல்லுக்கு அகராதியில் இடம்பெறுதல் மட்டும் போதாது. அதனைக் கேட்டவுடன் வரிசையில் நிற்கும் சரக்குந்து ஓட்டுநரின் கை அப்பொருளை நோக்கிச் செல்லவேண்டும். நெசவாளர் வாயில் அது இடறாது வரவேண்டும். தமிழ் பயிலும் மாணவர்கள் தாம் ஆக்கும் சொற்களை முதலில் அவ்வரிசையில் நின்று சொல்லிப் பார்ப்பாராக. அங்கு நிலைக்கும் சொல்லே மொழியில் நிலைக்கும்.